ஜோடி சேர்ந்தால்தான் பிரிய முடியும்: குன்றல் பகுப்பு பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பதுதான் குன்றல் பகுப்பின் வேலை என்று படித்தேன். அப்படியானால் ஒரே ஒரு முறை பிரிந்தால் போதாதா? 46, 23 ஆகிவிடுமே. இரண்டு முறை ஏன்? (பள்ளி மாணவி)

பதில்: பாடத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. யோசித்துப் படித்தவருக்குத்தான் வரும்.

விந்தணு, முட்டை போன்ற இனச்செல்களை உருவாக்கும் பிரிவுதான் குன்றல் பகுப்பு. இந்தப் பிரிவு தொடங்கும் முன்பே செல் தன் டிஎன்ஏ முழுவதையும் ஒரு முறை நகலெடுத்துவிடுகிறது. அதனால் உள்ளே நுழையும்போது 46 குரோமோசோம்களும் ஒவ்வொன்றும் இரட்டை இழையாக இருக்கும். அந்த இழை ஒவ்வொன்றுக்கும் குரோமாட்டிடு என்று பெயர். அதாவது 92 குரோமாட்டிடுகள். இவற்றை 23 ஆக்க வேண்டுமானால் இரண்டு பிரிவுகள் தேவை. முதல் பிரிவில் தாய் வழி வந்த குரோமோசோமும் தந்தை வழி வந்த அதன் ஜோடியும் எதிரெதிர்த் துருவங்களுக்குப் போகின்றன. இரண்டாவதில், ஒட்டிக்கொண்டிருந்த சகோதரி குரோமாட்டிடுகள் பிரிகின்றன.

தேர்வில் பலரும் சறுக்கும் இடம் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். குரோமோசோம் எண்ணிக்கை முதல் பிரிவிலேயே பாதியாகிறது. இரண்டாம் பிரிவில் எண்ணிக்கை குறைவதில்லை, 23 தான் 23 ஆகப் போகிறது. ஆனால் டிஎன்ஏ அளவு இரண்டு முறையும் பாதியாகிறது. மனிதச் செல்லில் நகலெடுத்த பின் ஏறத்தாழ 13.2 பிக்கோகிராம் டிஎன்ஏ இருக்கும். முதல் பிரிவுக்குப் பின் 6.6, இரண்டாவதற்குப் பின் 3.3. 'எண்ணிக்கை', 'அளவு' என்ற இரண்டு சொற்களில் கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

எப்படியும் பாதியாக்கத்தான் போகிறது என்றால் முதலில் எதற்கு இரட்டிப்பாக்க வேண்டும்? குன்றல் பகுப்பு புதிதாக உருவான இயந்திரம் அல்ல. சாதாரண செல் பகுப்பான மைட்டாசிஸின் மேல் கட்டப்பட்டது என்பதே பெரும்பாலான உயிரியலாளர்களின் கருத்து. மைட்டாசிஸில் நகலெடுப்பு முன்னால் வருகிறது, அது இங்கும் அப்படியே நிற்கிறது. அதன் மேல் புதிதாகச் சேர்ந்தது ஒரே ஒரு காரியம்: குரோமோசோம்கள் தம் ஜோடியைத் தேடிச் சேர்வது. கீழே வரும் எல்லாப் பதில்களும் அந்த ஒரு காரியத்தைச் சுற்றித்தான் போகின்றன.

கேள்வி: 100 விதைகள் உருவாக எத்தனை குன்றல் பகுப்புகள் தேவை? ஒரு நண்பர் 100 என்கிறார், இன்னொருவர் 200 என்கிறார். (தேர்வுக்குத் தயாராகும் மாணவர்)

பதில்: 125. ஒரு விதைக்கு ஒரு மகரந்தத்தூளும் ஒரு சூலும் வேண்டும். ஒரு மகரந்தத் தாய்செல் ஒரு முறை பகுப்படைந்தால் நான்கு மகரந்தத்தூள்கள் கிடைக்கும், நான்கும் பயன்படும். ஆக 100 மகரந்தத்துக்கு 25 பகுப்புகள். சூலகத்தில் அப்படி இல்லை. ஒரு பெருவித்துத் தாய்செல் தரும் நான்கில் மூன்று அழிந்து ஒன்றுதான் தங்கும். எனவே 100 சூல்களுக்கு 100 பகுப்புகள். இரண்டையும் கூட்டுங்கள்.

கேள்வி: செல்லின் உட்கருவுக்குள் 46 குரோமோசோம்கள் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும்போது ஒன்று தன் ஜோடியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? (கல்லூரி முதலாண்டு மாணவர்)

பதில்: தன்னையே வெட்டிக்கொண்டு கண்டுபிடிக்கிறது. நம்ப முடியாமல் இருக்கலாம், ஆனால் அதுதான் உண்மை.

முதல் பிரிவின் தொடக்கக் கட்டமான முதல் புரோஃபேஸை லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிடீன், டிப்ளோட்டீன், டயாகைனசிஸ் என்று ஐந்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். லெப்டோட்டீனில் ஸ்போ 11 என்ற புரதம் டிஎன்ஏவின் இரு இழைகளையும் சேர்த்து வெட்டுகிறது. ஒன்றிரண்டு இடங்களில் அல்ல. எலியின் ஒரு செல்லில் 200 முதல் 300 வெட்டுகள். வேறு எந்தச் செல்லிலும் இது ஆபத்து, இங்கே இது திட்டமிட்ட வேலை. வெட்டுப்பட்ட முனை அரிக்கப்பட்டு ஓர் ஒற்றை இழை வால் நீள்கிறது. அந்த வால் தனக்குப் பொருந்தும் எழுத்து வரிசையைத் தேடி மற்ற டிஎன்ஏக்களில் நுழைந்து நுழைந்து பார்க்கிறது. பொருந்தும் வரிசை அதன் ஜோடி குரோமோசோமில் இருக்கும்.

தேடலை எளிதாக்க இன்னொரு ஏற்பாடும் உண்டு. குரோமோசோம்களின் முனைகள் உட்கருச் சவ்வில் ஒட்டிக்கொண்டு, சைகோட்டீனில் ஒரு பக்கமாகக் கூடிவிடுகின்றன, பூங்கொத்தின் காம்புகளைக் கையில் பிடித்தது போல. முனைகள் அருகருகே வந்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடுகிறது. ஜோடி அமைந்ததும் இரண்டுக்கும் நடுவே சினாப்டோனிமல் கூட்டமைப்பு என்ற புரதச் சட்டம் உருவாகி, ஜிப் இழுத்தது போல இரண்டையும் நீளவாக்கில் இணைக்கிறது.

பெரும்பாலான வெட்டுகள் சத்தமில்லாமல் ஒட்டப்பட்டுவிடும். சிலவே துண்டுகளை இடம்மாற்றிக்கொள்ளும் குறுக்கே கலத்தலாக முடியும். மனித விந்தகத்தின் ஒரு செல்லில் இப்படி முடிபவை ஏறத்தாழ 50. சினைமுட்டைச் செல்லில் இன்னும் அதிகம். எண்ணிக்கையை விட முக்கியமான விதி, ஒவ்வொரு ஜோடிக்கும் குறைந்தது ஒன்றாவது அமைய வேண்டும் என்பது.

இந்த இடத்தில் பாடநூல்கள் பாதியைத்தான் சொல்கின்றன என்பது எங்கள் வருத்தம். குறுக்கே கலத்தல் 'வேறுபாடுகளை உண்டாக்குகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு உடனடியான ஒரு வேலை இருக்கிறது: முடிச்சுப் போடுவது. துண்டு மாறிய இடம் கயாஸ்மா என்ற பிணைப்பாக நின்று ஜோடியைச் சேர்த்துப் பிடிக்கிறது. கதிர்கோல் இழைகள் இருபுறமும் இழுக்கும்போது இந்த முடிச்சு எதிர்த்து நிற்பதால் இழை விறைக்கிறது. அந்த விறைப்புதான் 'சரியாக மாட்டியிருக்கிறது' என்று செல்லுக்குத் தெரியும் அடையாளம். முடிச்சு விழாத ஜோடியில் விறைப்பு இல்லை. அப்போது இரண்டும் தனித்தனியாக மிதந்து, எந்தப் பக்கம் போவதென்பது தற்செயலாகிவிடும். இரண்டும் ஒரே பக்கம் போவதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பிரிவதற்காகத்தான் செல் முதலில் இவ்வளவு பாடுபட்டுச் சேர்க்கிறது. (விதிவிலக்கும் இருக்கிறது. டிரோசோஃபிலா பழ ஈயின் ஆணில் குறுக்கே கலத்தலே கிடையாது. அங்கே ஜோடியைப் பிடித்து வைப்பது வேறு புரதங்கள்.)

சகோதரி குரோமாட்டிடுகளை ஒட்டி வைத்திருப்பது கோஹெசின் என்ற வளையம். முதல் பிரிவில் குரோமோசோமின் கைகளின் மேலுள்ள கோஹெசின் மட்டும் வெட்டப்பட, முடிச்சு அவிழ்ந்து ஜோடி பிரிகிறது. குரோமோசோமின் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியரில் உள்ள கோஹெசினை ஷுகோஷின் என்ற புரதம் காத்து நிற்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் காவல் தெய்வம் என்று பொருள். இரண்டாம் பிரிவில் காவல் விலகிய பிறகே சகோதரிகள் பிரிகின்றன.

கேள்வி: ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த பிள்ளைகள் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள்? ஒரே மாதிரி இரண்டு பேர் பிறக்க வாய்ப்பே இல்லையா?

பதில்: முதல் மெட்டாஃபேஸில் 23 ஜோடிகள் செல்லின் நடுவில் வரிசையாக நிற்கும்போது, தாய் வழி வந்தது எந்தத் துருவத்தைப் பார்த்து நிற்கிறது என்பது ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக முடிவாகிறது. நாணயத்தை 23 முறை சுண்டுவது போல. இதனால் ஒருவரிடமிருந்து 83,88,608 வகை இனச்செல்கள் வர முடியும். தாயும் தந்தையும் சேரும்போது இதை இதனாலேயே பெருக்க வேண்டும்: ஏறத்தாழ 70 லட்சம் கோடி. இதில் குறுக்கே கலத்தலை இன்னும் சேர்க்கவில்லை. வெட்டும் இடம் ஒவ்வொரு முறையும் மாறுவதால், அதைச் சேர்த்தால் கணக்கு எண்ணில் அடங்காது. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையர் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவர்கள்.

'உடன்பிறந்தவர்களுக்கு 50 சதவீத மரபணுக்கள் பொது' என்பது சராசரி மட்டுமே. உண்மையில் அளந்து பார்த்தபோது அது ஏறத்தாழ 37 முதல் 62 சதவீதம் வரை மாறியது. அதுபோலவே பாட்டியிடமிருந்து சரியாகக் கால் பங்கு வந்தது என்று சொல்ல முடியாது. 22 சதவீதமும் இருக்கலாம், 28 சதவீதமும் இருக்கலாம். பிள்ளை பாட்டியை உரித்து வைத்திருக்கிறது என்று வீட்டில் சொல்வதில் விஷயம் இல்லாமல் இல்லை.

கேள்வி: என் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம். கர்ப்ப காலத்தில் நான் ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா? அடுத்த குழந்தைக்கும் வருமா? (ஒரு தாய்)

பதில்: உண்மை இல்லை. நீங்கள் சாப்பிட்டது, வேலை செய்தது, பயந்தது, அழுதது எதுவும் இதற்குக் காரணம் இல்லை. ஏறத்தாழ 95 சதவீத டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருக்கிறது. பெரும்பாலும் அந்தக் கூடுதல் குரோமோசோம் கரு உருவாவதற்கு முன்பே இனச்செல்லுக்குள் வந்துவிடுகிறது. நீங்கள் கர்ப்பம் என்று அறிந்த நாளுக்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இதை உங்கள் உறவினர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஏன் நடக்கிறது என்பதையும் சொல்கிறோம். பெண்ணின் சினைமுட்டைகள் குன்றல் பகுப்பைத் தொடங்குவது அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே. ஐந்தாம் மாதம் அளவில் அந்தக் கருவின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைச்செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம், பூப்படையும்போது 3 முதல் 4 லட்சம். இவை எல்லாம் ஜோடி சேர்ந்து, துண்டு மாற்றி, முடிச்சுப் போட்ட நிலையில் டிப்ளோட்டீனில் அப்படியே நின்றுவிடுகின்றன. மாதம் ஒன்றாக வெளிவரும் 400 சொச்சம் முட்டைகளில் ஒன்று தன் முதல் பிரிவை முடிப்பது 15 ஆண்டு கழித்தும் இருக்கலாம், 45 ஆண்டு கழித்தும் இருக்கலாம். இரண்டாம் பிரிவின் நடுவில் மறுபடி ஒரு நிறுத்தம். விந்தணு உள்ளே நுழைந்தால்தான் அது முடியும்.

அத்தனை ஆண்டுகளும் முடிச்சைப் பிடித்திருப்பது அந்தக் கோஹெசின் வளையங்கள்தான். தாயின் வயிற்றில் பொருத்தப்பட்டவை பின்னர் புதுப்பிக்கப்படுவதில்லை என்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள். வயதாக ஆக வளையங்கள் குறைகின்றன, முடிச்சு தளர்கிறது, ஜோடி முன்கூட்டியே நழுவுகிறது. அதனால்தான் கூடுதல் 21ஆம் குரோமோசோம் சுமார் பத்தில் ஒன்பது பேரில் தாய் வழியாக வருகிறது. தாயின் வயது 25 என்றால் ஏறத்தாழ 1,200க்கும் அதிகமான பிரசவங்களுக்கு ஒன்று, 35இல் சுமார் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று, 45இல் 30க்கு ஒன்று. இளம் தாய்மாருக்கும் இது நேர்கிறது.

அடுத்த குழந்தை பற்றிய கேள்விக்கு ஒரு காகிதம் தேவை: உங்கள் குழந்தையின் குரோமோசோம் பரிசோதனை அறிக்கை, அதாவது கேரியோடைப். அதில் 47 குரோமோசோம்கள், 21ஆம் குரோமோசோம் தனியாக மூன்று என்று இருந்தால், மறுபடி வரும் வாய்ப்பு சுமார் 100க்கு ஒன்று. உங்கள் வயதுக்குரிய வாய்ப்பு அதைவிட அதிகமானால் அந்த எண். மொத்தம் 46 என்றே காட்டி, 21ஆவதன் பெரும்பகுதி 14ஆவது போன்ற வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருப்பதாகச் சொன்னால் கதை வேறு. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்ததாக இருக்கலாம். அப்போது நீங்கள் இருவரும் கேரியோடைப் எடுக்க வேண்டும். தாயிடம் இந்த ஒட்டு இருந்தால் மறுபடி வரும் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம், தந்தையிடம் இருந்தால் அதைவிட மிகக் குறைவு. அறிக்கை கையில் இல்லாமல் யார் சொல்லும் சதவீதத்தையும் நம்ப வேண்டாம். அறிக்கையோடு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் தந்தையின் வயது ஒரு பொருட்டே இல்லையா?

பதில்: உண்டு, ஆனால் பிழை வேறு வகை. விந்தகத்தில் தாய்செல்கள் வாழ்நாள் முழுவதும் மைட்டாசிஸால் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றில் சில பூப்புக்குப் பின் எப்போதும் குன்றல் பகுப்புக்குள் நுழைகின்றன. அந்தப் பகுப்பு முடிய மூன்றரை வாரம் போதும், தொடக்கத்திலிருந்து முழு விந்தணுவாக வர இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். முடிச்சு தளரும் அளவுக்கு அவை காத்திருப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நகலெடுப்பிலும் எழுத்துப் பிழைகள் சேரும். தந்தையின் வயது ஓர் ஆண்டு கூடினால் குழந்தையில் ஒன்று அல்லது இரண்டு புதிய மாற்றங்கள் கூடுகின்றன. எண்ணிக்கைப் பிழை பெரும்பாலும் முட்டையின் காத்திருப்பில் பிறக்கிறது, எழுத்துப் பிழை விந்தணுவின் ஓயாத நகலெடுப்பில் பிறக்கிறது.

எந்தப் பிரிவில் பிழை நடந்தது என்பதைச் சில நேரம் பிறந்த பிள்ளையைக் கொண்டே சொல்லலாம். ஓர் எக்ஸ், இரண்டு ஒய் உள்ள ஆணை எடுத்துக்கொள்ளுங்கள். தந்தையிடம் இருப்பது ஒரே ஒய். அதன் இரண்டு சகோதரி குரோமாட்டிடுகளும் சேர்ந்தே போனால்தான் ஒரு விந்தணுவில் இரண்டு ஒய் வரும். எனவே பிழை நடந்தது தந்தையின் இரண்டாம் பிரிவில்.

கேள்வி: விதையில்லாத தர்பூசணிக்கு விதை எங்கிருந்து கிடைக்கிறது? கோவேறு கழுதை ஏன் குட்டி போடுவதில்லை?

பதில்: இரண்டுக்கும் ஒரே பதில்: ஜோடி சேர முடியவில்லை.

தர்பூசணிக்கு 22 குரோமோசோம்கள், அதாவது 11 ஜோடி. நாற்றின் வளர்முனையில் கொல்ச்சிசின் என்ற ரசாயனத்தை வைத்தால் கதிர்கோல் இழைகள் உருவாகாமல், நகலெடுத்தவை பிரியாமல் நின்று 44 ஆகிவிடும். இந்த நான்மயச் செடியைத் தாயாகவும் சாதாரண 22 செடியைத் தந்தையாகவும் வைத்துக் கலப்பு செய்தால், கிடைக்கும் விதையில் 22உம் 11உம் சேர்ந்து 33. கடையில் 'விதையில்லா ரகம்' என்று விற்கப்படுவது இந்த விதைதான். விதைக்காக ஆண்டுதோறும் இந்தக் கலப்பைச் செய்தாக வேண்டும்.

33 குரோமோசோம் செடியில் ஒவ்வொரு வகையிலும் மூன்று. குன்றல் பகுப்பில் இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் போகும். எந்தப் பக்கம் என்பது 11 வகைக்கும் தனித்தனியாக முடிவாகும். எல்லாமே ஒரே போக்கில் போய், முழுமையான 11 அல்லது முழுமையான 22 கிடைப்பதற்கான வாய்ப்பு 1,024இல் ஒன்று. மற்றவை குறையும் மிகையுமாகப் போய் விதையாகாமல் கருகுகின்றன. பழத்துக்குள் தெரியும் மெல்லிய வெள்ளைத் தோல்கள் அவைதான். பயிரிடுபவர்கள் மறக்கும் விஷயம் ஒன்று: இந்தச் செடியின் மகரந்தம் வேலைக்கு ஆகாது, ஆனால் காய் பிடிக்க மகரந்தம் வேண்டும். அதனால் இடையிடையே சாதாரண 22 ரகத்தை நட வேண்டும். அதை விட்டால் பூ உதிரும், காய் இருக்காது.

குதிரைக்கு 64, கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 32உம் 31உம் சேர்ந்து 63. உடலை வளர்க்க மைட்டாசிஸ் போதும், அதற்கு ஜோடி தேவையில்லை. அதனால்தான் அதன் உடல் வளர்ச்சியில் குறை இல்லை. இனச்செல் உருவாக்கப் போகும்போதுதான் ஜோடி சேராமல் தடுமாறி, பெரும்பாலும் புரோஃபேஸிலேயே செல்கள் மடிகின்றன.

கேள்வி: ஆண் தேனீக்கு அப்பா இல்லை என்கிறார்கள். அதற்கும் குன்றல் பகுப்பு உண்டா?

பதில்: ராணிக்கு 32 குரோமோசோம்கள், அது குன்றல் பகுப்பால் 16 உள்ள முட்டையிடும். விந்தணு சேராத முட்டை ஆணாக வளரும், அதற்கு 16 தான். ஜோடியே இல்லாததால் அது எண்ணிக்கையைக் குறைக்காமலே விந்தணு தருகிறது. அதனால் ஓர் ஆண் தேனீயின் விந்தணுக்கள் எல்லாம் ஒன்றின் நகல்.

கேள்வி: ஆய்வகத்தில் குன்றல் பகுப்பு ஸ்லைடு போடச் சொன்னார்கள். வெங்காய வேர் நுனியில் பலமுறை முயன்றும் பாடநூல் படம் போல வரவில்லை. என்ன தவறு?

பதில்: வேர் நுனியில் அது எப்போதும் வராது. அங்கே மைட்டாசிஸ் மட்டுமே. குன்றல் பகுப்பு வேண்டுமானால் வெங்காயப் பூமொட்டு எடுக்க வேண்டும்.

இன்னும் விரியாத பூங்கொத்தைக் காலை 8 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் பறியுங்கள். மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலும் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த கார்னாய் திரவத்தில் உடனே போடுங்கள். கலவை அன்றன்று செய்ததாக இருக்கட்டும். அமிலம் தோலைச் சுடும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். கார்னாயிலேயே நாள்கணக்கில் விட்டால் திசு நொறுங்கும்.

ஒரே மகரந்தப்பைக்குள் உள்ள செல்கள் ஏறத்தாழ ஒரே கட்டத்தில் இருக்கும். தோல்வி பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது: நடுத்தர மொட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய மொட்டில் மகரந்தத்தூள் ஆகிவிட்டிருக்கும், மிகச் சிறியதில் பிரிவே தொடங்கியிருக்காது. வெங்காயப் பூங்கொத்தில் எல்லா வயது மொட்டுகளும் கலந்திருப்பது நமக்கு நல்லது. அளவு வாரியாக வரிசையாக அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதாக ஒவ்வொன்றிலும் ஒரு மகரந்தப்பையைப் பாருங்கள். ஓர் அளவில் நான்கு நான்காகச் செல்கள் தெரிந்தால், அதற்குச் சற்றே சிறிய மொட்டில்தான் நீங்கள் தேடுவது இருக்கிறது.

மகரந்தப்பையை ஒரு சொட்டு 1 சதவீத அசிட்டோகார்மைன் சாயத்தில் வைத்து, முனையை வெட்டி, இரும்பு ஊசியால் செல்களைப் பிதுக்குங்கள். இரும்பு சேர்ந்தால் கார்மைன் நிறம் ஆழமாகும். துருப்பிடிக்காத எஃகு ஊசியென்றால் அந்தப் பலன் இருக்காது. மகரந்தப்பையின் சுவர்த் துணுக்குகளை ஒன்றுவிடாமல் எடுத்துவிடுங்கள். விட்டால் மூடுசில்லு தட்டையாகப் படியாது. சில்லை வைத்து, ஸ்பிரிட் விளக்கின் மேல் கொதிக்காதபடி இரண்டு மூன்று முறை காட்டி, ஒற்றுத்தாளுக்கு இடையில் வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டுவிடும். சைட்டோபிளாசமும் சேர்ந்து சிவந்திருந்தால் சில்லின் ஓரத்தில் 45 சதவீத அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு உறிஞ்சுங்கள்.

இரண்டு உட்கருக்கள் கொண்ட செல்களைப் பார்த்து முதல் பிரிவு முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். அவை மகரந்தப்பையின் உள்ளடுக்கான டபீட்டத்தின் செல்களாக இருக்கலாம். வெங்காயத்தில் முதல் பிரிவு முடிந்ததுமே குறுக்குச் சுவர் எழும்பும், அந்தச் சுவர் தெரிகிறதா என்று பாருங்கள். நீங்கள் பிடித்தது குன்றல் பகுப்புதானா என்பதற்கு எண்ணிக்கையே சாட்சி. வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள். மெட்டாஃபேஸில் 16 தனித்தனியாக நின்றால் அது மைட்டாசிஸ். வளையமாகவும் கோலாகவும் 8 உருவங்கள் நின்றால், முடிச்சுப் போட்டு நிற்கும் 8 ஜோடிகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.